டேக்-ஆஃப் ஓட்டத்தில் சிறிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவது ஏன்?

பெங்களூர் அல்சூரில் இருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். 19 வயது மகள் விமானி ஆகப் பயிற்சி எடுக்கிறாள், இதுவரை 30 மணி நேரம் பறந்திருக்கிறாள். போன வாரம் மதியம், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, செஸ்னா 172-ல் டேக்-ஆஃப் எடுக்கும்போது விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டது. முன்சக்கரம் மடங்கி, ப்ரொபெல்லர் தரையில் அடித்து நின்றது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. “இது அவள் செய்த தப்பா, விமானத்தின் கோளாறா? வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். நான் 20 வருடங்களுக்கு மேல் பயிற்றுநராகச் சிறிய விமானங்களில் வலது இருக்கையில் உட்கார்ந்தவன். 30 மணி நேரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்து, காயமில்லாமல் இறங்கி நடந்து வந்த பிள்ளை, சரியாகச் சொல்லிக்கொடுத்தால், மற்றவர்களைவிட நல்ல விமானியாக வருவாள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் “சரியாகச் சொல்லிக்கொடுத்தால்” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

ஒற்றை இன்ஜின் விமானம் டேக்-ஆஃப் ஓட்டத்தில் இடப்பக்கம் இழுப்பது கோளாறு இல்லை. அது அதன் சுபாவம். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் செஸ்னாவின் ப்ரொபெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. ப்ரொபெல்லர் வலப்பக்கம் சுற்றினால் விமானத்தின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், இடது சக்கரத்தில் பாரம் கூடும். ப்ரொபெல்லர் பின்னால் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை. திருகாணி மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட்டால் மூக்கு இடப்பக்கம் போகும். மூக்கைத் தூக்கும் நேரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கீழே இறங்கி வரும் வலப்பக்க இதழ், மேலே ஏறும் இடப்பக்க இதழைவிட அதிகமாக இழுக்கும். மூன்றும் ஒரே பக்கம். எல்லாவற்றுக்கும் மருந்து வலது கால்தான், அதாவது வலது ரட்டர் (வால் துடுப்பின் பின்னால் இடமும் வலமும் திரும்பும் பலகை; பெடலை மிதித்தால் அசையும்). வேகம் குறைவாக இருக்கும்போது ரட்டரில் காற்று குறைவு, அதனால் அதிகமாக மிதிக்க வேண்டும். வேகம் ஏற ஏறக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இடப்பக்கமிருந்து குறுக்குக் காற்று அடித்தால் இன்னும் மோசம். வால் துடுப்பு காற்றாடி போல வேலை செய்து மூக்கைக் காற்று வரும் திசைக்கே திருப்பும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தரை வகுப்பில் பரீட்சையே எழுதியிருப்பாள். தெரிந்திருந்தும் ஏன் நடக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் காலில் இருக்கிறது.

செஸ்னாவின் பெடலுக்கு இரண்டு வேலை. அடிப்பாகத்தை மிதித்தால் ரட்டரும் முன்சக்கரமும் திரும்பும். மேல்பாகத்தை விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக். டேக்-ஆஃப் ஓட்டத்தில் குதிகால் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் முழுப் பாதத்தையும் பெடல்மேல் ஏற்றிவிடுவார்கள். உயரம் குறைந்த பெண்கள் இருக்கையை முன்னால் இழுத்துப் போடாமல் விட்டால், எட்டி மிதிக்கும்போது விரல் தானாக பிரேக் பக்கம் போகும். ஒரு கால் ரட்டர் மிதிக்கிறது, இன்னொரு கால் தனக்கே தெரியாமல் பிரேக்கில் ஓய்வெடுக்கிறது.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். வேறொரு ஊரில், இதே மாதிரி ஒரு விமானம் இடப்பக்கம் போய் நின்றது. பையன் “ரட்டர் வேலை செய்யவில்லை சார்” என்று அழுதான். பொய் சொல்லும் பையன் இல்லை அவன். நானும் பராமரிப்புப் பொறியாளரும் ஓடுபாதையில் பின்னோக்கி நடந்தோம். புல் ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட 80 அடி தள்ளி, தாரில் ஒரு கோடு. முதலில் பென்சிலால் இழுத்தது போல மெலிசாக, பிறகு கறுத்து, தடித்து, இடப்பக்கம் வளைந்து போனது. ஒரே கோடு, இடது சக்கரத்தினுடையது மட்டும். வலது சக்கரத்துக்குத் தடமே இல்லை. பொறியாளர் குனிந்து ரப்பர் துகளை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினார். பிறகு இடது பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன் ஒட்டிக்கொள்ளவில்லை, டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கவில்லை. பிரேக் நன்றாக இருந்தது. பையனின் இடது பாதம்தான் அதை மிதித்திருக்கிறது, மூளைக்குச் செய்தி போகாமலேயே.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: யார் தப்பு என்பதை அந்த ஓடுபாதைத் தடமும், இடது பிரேக்கும், டயர் காற்றும், அன்றைய காற்றின் திசையும்தான் சொல்ல வேண்டும். பிரேக் உண்மையிலேயே இறுகியிருக்கலாம். முன்சக்கரத் திருப்பு கம்பியில் தளர்வு இருக்கலாம். இதைப் பார்க்காமல் “பொண்ணு பயந்துட்டா” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பார்க்காமல் “மெஷின் கோளாறு” என்று சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஆனால் என் மனதை உறுத்துவது வேறு கேள்வி. விமானம் இடப்பக்கம் போக ஆரம்பித்ததும் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) எப்போது மூடினார்கள்?

புல் வரைக்கும் போய், முன்சக்கரம் மடங்கும் வேகம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் மூடத் தாமதமாகியிருக்கிறது. இடப்பக்கம் இழுப்பதற்குப் பெரும் காரணமே இன்ஜினின் முழு சக்தி. த்ராட்டிலை மூடினால் இழுவையும் போகிறது, வேகம் ஏறுவதும் நிற்கிறது. ஒரே கை அசைவில் இரண்டு லாபம். (வலது ரட்டரை முழுதாக மிதித்த நிலையில் மூடினால் மூக்கு சட்டென்று வலப்பக்கம் பாயும், அதனால் மூடும்போதே காலையும் தளர்த்த வேண்டும்.) புதியவர்கள் இதைச் செய்வதில்லை. டேக்-ஆஃப் என்று ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும் என்று மனம் ஓடுகிறது. விலகுவதைக் காலால் திருத்திக்கொண்டே, சக்தியை அப்படியே வைத்துக்கொண்டு போகிறார்கள். சில பயிற்றுநர்களும் “இன்னும் ஒரு நொடி பார்ப்போம், பிள்ளை கற்றுக்கொள்ளட்டும்” என்று விடுவார்கள். நானும் அப்படி விட்டதுண்டு. 40 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) ஒரு நொடி என்றால் 68 அடி. ஓடுபாதையின் பாதி அகலம் அதைவிடக் குறைவாக இருக்கும் சிறிய ஏரோட்ரோம்கள் நம் நாட்டில் நிறைய உண்டு.

சரி, மதியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் நின்று பறப்பவர்கள் தினமும் மோதும் விஷயம் அது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். ஹெப்பால் தாண்டி பெல்லாரி ரோட்டில் போனால் வரும் ஜக்கூர், மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் 1940-களின் கடைசியில் அரசுப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய இடம், அதுவும் இதே உயரத்தில்தான். நமக்கு இந்த ஊர் குளுகுளு ஊர். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். ஆனால் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் வேண்டியது குளுமை மட்டும் இல்லை, காற்றின் அடர்த்தி.

கணக்கு எளிது. 3,000 அடியில் நியமப்படி இருக்க வேண்டிய வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்தால் 3,000 அடி வருகிறது. ஆக, தரையில் நிற்கும் விமானத்துக்குத் தான் 6,000 அடி உயரத்தில் இருப்பது போலத் தோன்றும். இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்கிறோம். அதே 34 டிகிரியில் சென்னையில் இது 2,300 அடியை ஒட்டித்தான் வரும். வியர்த்துக் கொட்டும் சென்னையில் எளிதாக எழும் விமானம், நாம் சுகமாக நடக்கும் பெங்களூரில் திணறும். இதை நம்பவே பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாளாகும்.

6,000 அடிக்குரிய காற்றில் என்னவெல்லாம் மாறுகிறது? டர்போ இல்லாத இன்ஜின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்துவிடும். ப்ரொபெல்லருக்குப் பிடிக்கக் காற்று குறைவு. இன்னொன்று பலர் யோசிக்காதது. செஸ்னா 172-இன் ஒரு வகையான 172எஸ்-இல் மூக்கைத் தூக்கும் வேகம், வேகம் காட்டும் மீட்டரில் 55 நாட். மீட்டர் காட்டும் அந்த 55, மெல்லிய காற்றில் உண்மையில் 60 நாட். தரையில் நீங்கள் அந்த அளவு வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டி வந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல். மெதுவாக வேகமெடுக்கிறது, அதிக வேகம் தேவைப்படுகிறது, நிறுத்த அதிக தூரம் வேண்டும். மூன்று பக்கமும் ஓடுபாதை சுருங்குகிறது.

அதே 172எஸ் முழு எடையில், கடல்மட்டத்தில், 20 டிகிரியில், காற்றில்லாத நாளில் தரையை விட்டு எழ 1,000 அடிக்குச் சற்றுக் குறைவாக ஓடும் என்று அதன் கையேட்டு அட்டவணை சொல்கிறது. பெங்களூர் மதியத்தில் அந்த ஓட்டம் மிக எளிதாக 40 சதவீதம் கூடிவிடும். அதுவும் புது இன்ஜின், கைதேர்ந்த சோதனை விமானி, நல்ல தார்ச்சாலை என்ற கணக்கில். பயிற்சிப் பள்ளி விமானத்துக்கு அதற்கு மேல் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம் கூடும். பின்காற்று, எழும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே, அதாவது ஐந்தாறு நாட், இன்னொரு 20 சதவீதம். டாங்கை நிரப்பிக்கொண்டு போவது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பறக்கப் பயன்படும் எரிபொருள் மட்டுமே 200 லிட்டர், 144 கிலோ. ஒரு மணி நேரச் சுற்றுப் பறப்புக்கு அவ்வளவு எதற்கு?

எரிபொருள்-காற்றுக் கலவை பற்றியும் ஒரு வரி. 3,000 அடிக்கு மேலுள்ள ஏரோட்ரோமில் டேக்-ஆஃபுக்கு முன் கலவையை மெலிதாக்க, அதாவது எரிபொருளின் பங்கைக் குறைக்கச் சொல்கிறது செஸ்னா கையேடு. பெங்களூர் சரியாக அந்த எல்லைக் கோட்டில் இருக்கிறது. வெயில் நாளில் கலவைக்கான சிவப்புக் குமிழை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு ஓடினால், இருக்கிற கொஞ்ச சக்தியிலும் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும். என்ன செய்ய வேண்டும் என்பதை அவளுடைய பயிற்றுநர் அந்த விமானத்தின் கையேட்டை வைத்துக் காட்ட வேண்டும்.

ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும்போது கை தானாக யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடிச் சக்கரத்தை) இழுக்கும். அதுதான் ஆபத்தின் அடுத்த கட்டம். தரைக்கு மிக அருகில், இறக்கை நீளத்துக்கும் குறைந்த உயரத்தில் (172-க்கு 36 அடி), காற்று இழுவை குறைகிறது. அதனால் போதிய வேகம் வருவதற்கு முன்பே விமானம் தரையை விட்டுவிடும். “எழுந்துவிட்டோம்” என்று நினைப்பீர்கள். ஆனால் அதற்கு மேல் ஏறாது. இழுத்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். இழுக்காமல் விட்டால் மரமும் மின்கம்பியும் எதிரே வரும். புல்லில் இறங்கும் விபத்தில் விமானம் உடைகிறது, இதில் ஆட்கள் சாகிறார்கள். உங்கள் மகள் இருந்தது தரையில். அதற்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன்.

ஜக்கூர் என்றாலே நம் ஆட்கள் பலருக்கு 2004 ஏப்ரல் 17 நினைவுக்கு வரும். நடிகை சௌந்தர்யா பயணித்த ஒற்றை இன்ஜின் செஸ்னா 180, அங்கிருந்து எழுந்த சிறிது நேரத்திலேயே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி நான் இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. தரையை விட்ட பிறகு முதல் ஓரிரு நிமிடங்கள் எவ்வளவு இடம் கொடுக்காதவை என்பதற்காகச் சொல்கிறேன். தரையில் இருக்கும் வரை உங்களிடம் பிரேக் இருக்கிறது, புல் இருக்கிறது. விட்ட பிறகு உயரம் ஒன்றுதான் சேமிப்பு, அப்போது அதுவும் கையில் இருக்காது.

ஆகவே நிறுத்தும் முடிவை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய விதி உண்டு. ஓடுபாதையின் பாதியைத் தொடும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட் என்றால் 38, 39. வரவில்லையா, மூடு. ஏன் 70? ஒரே சீராக வேகமெடுக்கும் வண்டிக்கு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப தூரம் போகும். 0.7 பெருக்கல் 0.7, 0.49, அதாவது பாதி. பாதித் தூரத்தில் 70 சதவீதம் வராவிட்டால் மீதிப் பாதியில் முழு வேகம் வராது. பறப்பது பற்றிய எந்த நம்பிக்கையும் இந்தப் பெருக்கலை மாற்றாது. பாதி எங்கே என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். காற்றுத் துணிக்குழாய் கம்பமோ, ஒரு டாக்ஸிவே திருப்பமோ, அதை உட்காரும்போதே தேர்ந்து வைக்க வேண்டும்.

என் மாணவர்களிடம் ஓடுபாதையில் வரிசையாக நின்றதும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்: “அந்தக் கம்பத்துக்குள் 38 வரவில்லை என்றால் மூடுவேன். சென்டர்லைனை விட்டு முன்சக்கரம் விலகி, காலால் உடனே திரும்பவில்லை என்றால் மூடுவேன். கதவு திறந்தால், எண்ணெய் அழுத்தம் விழுந்தால் மூடுவேன்.” தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே சொல்வார்கள், நானும் விட்டுவிடுவேன். விமானக் கட்டுப்பாட்டு அறையான ஏ.டி.சி.யிடம் பேசத்தான் ஆங்கிலம் வேண்டும், தனக்குத் தானே சொல்லிக்கொள்ள இல்லை. மாதம் ஒருமுறையாவது, எந்தக் கோளாறும் இல்லாமல், 30 நாட் வேகத்தில் “நிறுத்து” என்று சொல்லி மூடவைப்பேன். கை அந்த அசைவை ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேவைப்படும் நாளில் வராது.

ஓட ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியதில் இரண்டைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். ப்ளாப், ட்ரிம், எரிபொருளில் தண்ணீர் எல்லாம் செக்லிஸ்ட்டில் வந்துவிடும்.

ஒன்று இருக்கை. செஸ்னா இருக்கை ஒரு தண்டவாளத்தில் நகரும், ஒரு முள் துளையில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிடும், முள் பாதிதான் இறங்கும். விமானம் பாயும்போது இருக்கை பின்னால் நழுவும். விமானி விழாமல் இருக்கப் பிடிப்பது யோக்கை, மூக்கு வானத்தைப் பார்க்கும். இதற்காகவே 1987-ல் அமெரிக்க விமானத்துறை இந்தத் தண்டவாளங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்க்கக் கட்டாய உத்தரவு போட்டது. எனக்கே நேர்ந்திருக்கிறது. 45 நாட் வேகத்தில் என் மாணவி இரண்டு துளை பின்னால் போனாள், கால் பெடலை விட்டுவிட்டது, விமானம் இடப்பக்கம் பாய்ந்தது. நான் மூடி நிறுத்தினேன். உங்கள் மகளிடம் மெதுவாகக் கேளுங்கள், அன்று இருக்கை நகர்ந்ததா என்று. இருக்கையைப் போட்டதும் முன்னும் பின்னும் உடம்பால் இடித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று கன்ட்ரோல் லாக். நிறுத்தி வைக்கும்போது யோக்கில் செருகும் கம்பி. 1935 அக்டோபர் 30-ல் அமெரிக்காவில் போயிங் 299, பெரிய நான்கு இன்ஜின் விமானம், இந்தப் பூட்டைத் திறக்காமலே எழுந்து, விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவசாலியான ராணுவச் சோதனை விமானி. அதற்குப் பிறகுதான் எழுதி வைத்த செக்லிஸ்ட் வந்தது. 2014-ல் அதே நாட்டில் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், பூட்டோடு ஓடி ஓடுபாதை தாண்டிப் போய் ஏழு பேர் இறந்தார்கள். அந்த விமானிகளின் முந்தைய 175 டேக்-ஆஃப் பதிவுகளைப் புலனாய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, 98 சதவீதத்தில் கன்ட்ரோலை முழுமையாக அசைத்துப் பார்க்கவே இல்லை. 79 வருடம் கழித்து அதே பூட்டு.

இப்போது பள்ளியிடம் நீங்கள் என்ன கேட்கலாம் என்பதற்கு வருகிறேன். இப்படிப்பட்ட விபத்தை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பான ஏ.ஏ.ஐ.பி.க்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். அந்த விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, ஆளைப் பிடித்துத் தண்டிப்பது இல்லை. சர்வதேச விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் மகள் பயப்படாமல் உண்மையைச் சொல்லலாம். நினைவு கலைவதற்கு முன் எழுதி வைக்கட்டும்: எந்தத் திசையில் ஓடினார்கள், காற்று எங்கிருந்து, டாங்கில் எவ்வளவு, எந்த வேகத்தில் இழுக்க ஆரம்பித்தது, யார் கை த்ராட்டிலில், எந்த நேரத்தில் யார் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” (இனி நான் ஓட்டுகிறேன்) சொன்னது. பக்கத்தில் உரிமம் பெற்ற பயிற்றுநர் இருந்தார் என்பதை மறக்காதீர்கள். 30 மணி நேரப் பிள்ளையின் கால் தவறுவது எதிர்பார்த்த விஷயம், அதற்காகத்தான் வலப்பக்கமும் பெடல் இருக்கிறது.

விமானத்தைப் பற்றியும் ஒன்று. ப்ரொபெல்லர் தரையில் அடித்திருக்கிறது. புது ப்ரொபெல்லர் மாட்டி, “ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக ஓடுகிறது” என்று திரும்பப் பறக்கவிட்டால் அதில் ஏற வேண்டாம். அடி இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வரைக்கும் போகும். 172எஸ்-இல் இருக்கும் லைகாமிங் வகை இன்ஜின்களில் அடிபட்ட பிறகு கிராங்க்ஷாஃப்ட் கியரையும் அதன் போல்ட்டையும் கழற்றிப் பார்க்க 2004-லிருந்தே கட்டாய உத்தரவு இருக்கிறது. லாக்புக்கில் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்க மாணவிக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

அவள் மறுபடி பறக்கப் போகும் முதல் நாள், அதிகாலைப் பறப்பாகக் கேட்டு வாங்குங்கள். காற்று அடங்கி, 20 டிகிரியை ஒட்டி இருக்கும். டாங்க் பாதி போதும். முதல் மூன்று ஓட்டங்கள் எழவே வேண்டாம். 30 நாட் வரை போய், மூடி, சென்டர்லைனில் நிற்கட்டும். காலில் மெலிசான அடியுள்ள காலணி போட்டுப் போகச் சொல்லுங்கள், பெடலின் எந்தப் பாகத்தில் பாதம் இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். முந்தின இரவு, சாப்பாடு முடிந்ததும், கையேட்டு அட்டவணையைத் திறந்து அதே விமானத்துக்குக் காலை 7 மணிக் கணக்கையும் மதியம் 2 மணிக் கணக்கையும் அவளே போட்டு, உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.